டபுள் பேஸும் பிரேசில் கிட்டாரும்: இரட்டையர் ஜாஸ் கச்சேரியை அரங்கிலேயே ஒலிப்பதிவு செய்யும் முழுமையான வழிகாட்டி

பிரேசிலின் நடன இசையான சம்பாவில் கனமான அடி இரண்டாவதில்தான் விழும். ரியோவின் சம்பாப் பள்ளிகளில் முழங்கும் 'சூர்டு' என்ற பெரிய முரசுகளில் சுருதி மிகத் தாழ்ந்தது, 2/4 என்ற இரண்டடித் தாளத்தின் இரண்டாம் அடியை எடுத்துக்கொள்ளும். அதைவிடச் சற்று உயர்ந்த சுருதியுள்ள இன்னொரு சூர்டு முதல் அடியில் விழும். டிரம்ஸ் இல்லாமல், ஒரு டபுள் பேஸும் (வயலின் குடும்பத்தின் மிகப் பெரிய வாத்தியம், சுருக்கமாக 'பேஸ்') ஒரு நைலான் தந்தி கிட்டாரும் மட்டும் மேடையேறினால் அந்த இரண்டு முரசுகளின் பொறுப்பும் பேஸ் வாசிப்பவரின் கைக்கு வந்துவிடுகிறது. பாட்டுத் தேர்வு, உட்காரும் இடம், மைக் வைக்கும் கோணம், கடைசி மிக்ஸிங் என்று எதை முடிவு செய்தாலும் அந்த இரண்டாம் அடி கேட்பவரிடம் போய்ச் சேர்கிறதா என்று பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

வேலையைத் தொடங்கும் முன் கேட்டே ஆகவேண்டிய பதிவு ஒன்று உண்டு. அமெரிக்க பேஸ் மேதை சார்லி ஹேடனும் பிரேசிலின் எக்பெர்ட்டோ ஜிஸ்மோன்ட்டியும் 1989 ஜூலை 6 அன்று மான்ட்ரியால் ஜாஸ் விழாவில் வாசித்ததை இசிஎம் என்ற இசை வெளியீட்டு நிறுவனம் 2001இல் வெளியிட்டது. ஜிஸ்மோன்ட்டி கிட்டாரிலும் பியானோவிலும் அடர்த்தியாக வாசிக்கும்போது ஹேடன் எத்தனை சுரங்களை வாசிக்காமல் விடுகிறார் என்பதைக் கவனியுங்கள். இந்தக் கூட்டணிக்கு அதுதான் முதல் பாடம்.

கீழே வரும் அளவுகள் 80 முதல் 120 பேர் அமரும் சிறிய அரங்குக்கும், ஏழு டிராக் (தனித்தனியாகப் பதிவாகும் ஒலிவரி) பதிவுக்கும் பொருந்தும்.

பாட்டுகளும் உரிமையும்

நாற்பது நிமிடம் கொண்ட இரண்டு பகுதிகளுக்குப் பத்துப் பாட்டு போதும். பத்தும் போசா நோவாவாக (சம்பாவிலிருந்து பிறந்த மென்மையான நடை) இருந்தால் ஐந்தாவது பாட்டிலேயே வேகமும் நிறமும் ஒன்றுபோல் ஆகிவிடும். நான்கு சம்பா அல்லது போசா, இரண்டு ஷோரு (பிரேசிலின் பழைய வாத்திய இசை), இரண்டு பையாவு (வடகிழக்குப் பிரேசிலின் நடன இசை), ஒரு வால்ஸ் (மூன்றடி நடன இசை), வில்லால் வாசிக்கும் மெதுவான பாட்டு ஒன்று என்று பிரித்தால் நன்றாக இருக்கும். எதை ஆல்பத்தில் கட்டாயம் சேர்க்கப்போகிறீர்களோ அந்த மூன்று பாட்டை இரண்டு பகுதியிலும் வாசித்துவிடுங்கள். ஒன்றில் யாராவது இருமினாலும் மற்றொன்று கையில் இருக்கும்.

பிரேசிலில் பதிப்புரிமை இசையமைப்பாளர் இறந்து 70 ஆண்டுகள் வரையும், இந்தியாவில் 60 ஆண்டுகள் வரையும் நீடிக்கும். 1934இல் இறந்த எர்னெஸ்ட்டோ நசரேத், 1935இல் இறந்த ஷிக்கின்யா கொன்சாகா ஆகியோரின் மெட்டுகள் இரண்டு நாட்டிலும் பொதுவுடைமை. பிஷிங்கின்யா 1973இலும், தோம் ஜோபிம் 1994இலும் இறந்தவர்கள் என்பதால் அவர்கள் மெட்டுகளுக்கு அனுமதி வேண்டும். அரங்கில் வாசிக்க வாங்கும் அனுமதி வேறு, பதிவு செய்து வெளியிட வாங்கும் அனுமதி வேறு. பழைய மெட்டாக இருந்தாலும், பிற்காலத்தில் வேறொருவர் எழுதிய அரேஞ்ச்மென்ட்டை (வாத்தியங்களுக்கு ஏற்ப மாற்றி எழுதிய வடிவம்) அப்படியே வாசித்தால் அதற்குத் தனி உரிமை உண்டு.

கீழ் ஸ்தாயியைப் பங்கு பிரிப்பது

இங்கே செய்த தவறை எந்த மைக்கும் திருத்தாது. அதனால் ஒத்திகையில் பாதி நேரத்தை இதற்கே கொடுங்கள்.

பேஸின் நான்கு வெற்றுத் தந்திகள் 41, 55, 73, 98 ஹெர்ட்ஸில் ஒலிக்கும். கிட்டாரின் ஆறாம் தந்தி 82 ஹெர்ட்ஸ். ஷோருவில் வரும் ஏழு தந்தி கிட்டாரின் கடைசித் தந்தியை 'சி'யில் சுருதி சேர்த்தால் 65 ஹெர்ட்ஸ். ஆக, 65 முதல் 200 ஹெர்ட்ஸ் வரை இரண்டு வாத்தியமும் ஒரே இடத்துக்குப் போட்டி போடுகின்றன.

போட்டி சுருதியில் மட்டும் இல்லை. 1958 வாக்கில் பாடகரும் கிட்டார் கலைஞருமான ஜுவாவ் ஜில்பெர்ட்டோ நிலைநிறுத்திய போசா கிட்டார் நடையில் கட்டைவிரல் சூர்டுவின் வேலையைச் செய்கிறது, மற்ற விரல்கள் தம்பொரீம் என்ற சிறு கைமுரசின் வேலையைச் செய்கின்றன. தனியாகப் பாடிக்கொண்டே வாசிப்பவருக்கு அது பொருத்தம். பக்கத்தில் பேஸ் நிற்கும்போது மேடையில் இரண்டு சூர்டு ஆகிவிடும். இரண்டும் ஒரே நொடியில் விழுவதில்லை. இருபது, முப்பது மில்லி நொடி விலகினாலே அடி பருத்து, மங்கிக் கேட்கும். கலைஞர்கள் இதை 'அறை சரியில்லை' என்று நினைத்துக்கொள்வார்கள்.

மூன்று வழி உண்டு. ஒன்று, கிட்டார்காரர் கட்டைவிரலை விட்டுவிட்டு இரண்டு, மூன்று, நான்காம் தந்திகளில் மட்டும் கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டு) பிடிப்பது. இரண்டு, கட்டைவிரல் இருக்கட்டும் என்று விட்டு, பேஸ் மேல் ஸ்தாயிக்கு ஏறி எதிர்மெட்டு வாசிப்பது. மூன்று, பேஸ் வில்லை எடுத்து மெட்டை வாசிக்க, கிட்டார் முழு அடித்தளத்தையும் தாங்குவது. ஒரே பாட்டில் மூன்றையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்தலாம். ஆனால் எந்த எட்டு பாரில் (பார் என்பது தாளத்தின் ஒரு சுற்று) எது என்று இரண்டு பேருடைய தாளிலும் பென்சிலால் எழுதியிருக்க வேண்டும். சோலோ முடியும் இடத்தில்தான் இது அதிகம் குழம்பும். பேஸ் சோலோ முடித்து இறங்கும் அதே பாரில் கிட்டார் கட்டைவிரலை எடுக்க மறந்தால் அடுத்த நான்கு பார் சேறாகிவிடும்.

ஏழு தந்தி கிட்டாராக இருந்தால் இன்னும் கண்டிப்பு தேவை. ஷோருவில் அந்தக் கிட்டார் கீழ் ஸ்தாயியில் ஓடும் இணைமெட்டுகளுக்கு 'பைஷரீயா' என்று பெயர். அந்த ஓட்டம் வரும் இடத்தில் பேஸ் மூலசுரத்தை ஒரு முறை தொட்டுவிட்டு நிற்க வேண்டும். ஷோருவின் வழக்கமான அமைப்பு அஅ, ஆஆ, அ, இஇ, அ என்று திரும்பித் திரும்பி வருவது. அதனால் முதல் சுற்றில் ஓட்டம் கிட்டாருக்கு, மறுசுற்றில் பேஸுக்கு என்று பிரித்துக்கொள்வது எளிது.

தாளத்தைக் கைக்குக் கொண்டுவருவது

ஜாஸ் வழியாக வந்த பேஸ்காரர்கள் இங்கே பழக்கதோஷத்தில் சறுக்குவார்கள். ஸ்விங் நடையில் எட்டாம் பங்கு சுரங்களை நீளம், குறுக்கம் என்று மூன்றில் பிரித்து வாசித்துப் பழகிய கை, சம்பாவிலும் அதையே செய்யும். சம்பாவின் ஓட்டம் பதினாறாம் பங்குகளில் இருக்கிறது. அவை சம அளவிலும் இல்லை, ஸ்விங் கணக்கிலும் இல்லை. ஒவ்வொரு நான்கிலும் மூன்றாவதும் நான்காவதும் ஒரு மயிரிழை முந்தி வரும்.

சொல்லுக்கட்டு தெரிந்தவர்களுக்கு இது சீக்கிரம் பிடிபடும். 2/4இல் ஒரு பார் என்பது இரண்டு 'தகதிமி'. சம்பா பேஸின் அடிப்படை, இரண்டு தகதிமியிலும் 'த'வும் 'மி'யும் மட்டும். முதல் 'த'வைக் குறுக்கமாக மீட்டி, இடதுகை விரலைத் தந்தியிலிருந்து பாதி தூக்கி உடனே அடக்குங்கள். விரலை முழுக்க எடுத்தால் வெற்றுத் தந்தி ஒலிக்கும், எனவே பாதிதான். 'மி' லேசான எடுப்பு. இரண்டாம் 'த'வை ஆழமாக மீட்டி முழு நீளத்துக்கும் விடுங்கள். முதலடியை அடக்காவிட்டால் இரண்டாம் அடி எழாது. எவ்வளவு பலமாக மீட்டினாலும் எழாது, ஏனென்றால் முந்தைய சுரத்தின் வால் அதை மூடிக்கொண்டிருக்கும்.

பையாவுவுக்கு 'தகிட தகிட தக'. முதல் இரண்டு தகிடவின் தொடக்கத்தில் பேஸ் விழும், கடைசி 'தக' பெரும்பாலும் காலி. பிரேசிலின் வடகிழக்கில் சபும்பா முரசு இந்தக் கணக்கில்தான் பேசும். அந்தப் பகுதியின் மெட்டுகளில் அடிக்கடி வரும் சுரவரிசை நம் வாசஸ்பதி ராகத்தின் சுரங்களே என்பதால் இங்குள்ள கேட்பவர்களுக்கு அது அந்நியமாக இராது. போசாவில் கிட்டாரின் விரல்கள் இரண்டு பாருக்கு 'தகிட தகிட தகதிமி தகிட தகிட' என்ற சட்டத்தைச் சுற்றி நகரும். அதை இயந்திரம் போல் திரும்பத் திரும்ப அடிக்க வேண்டாம். பிரேசில் கிட்டார்காரர்கள் பாட்டின் சொற்களுக்கு ஏற்ப அதை மாற்றிக்கொண்டே இருப்பார்கள்.

பயிற்சிக்கு மெட்ரோனோமை (சீராக ஒலித்து வேகம் காட்டும் கருவி) இரண்டாம் அடியில் மட்டும் ஒலிக்க வையுங்கள். வேகம் நிமிடத்துக்கு 100 அடி என்றால் 50இல் வைத்து, அந்த ஒலியை இரண்டாம் அடியாக எண்ணி வாசியுங்கள். பத்து நிமிடம் தடுமாறாமல் போனால் மேடைக்குத் தயார்.

தந்திகள், வாத்தியங்கள்

உருக்குத் தந்தி நீண்ட நேரம் அதிரும். வில்லுக்கும் சோலோவுக்கும் நல்லது, அடக்குவதற்குக் கடினம். குடல் தந்தியோ அதைப் போலச் செய்த செயற்கைத் தந்தியோ முரசடி போல் எழுந்து சீக்கிரம் அடங்கும். பாதிக்கு மேல் சம்பாவாக இருந்தால் இரண்டாவது வகையே என் தேர்வு. குடல் தந்தி ஈரப்பதத்துக்கு ஏற்ப சுருதி மாறும் என்பதால் பாட்டுக்குப் பாட்டு சரிபார்க்க வேண்டும். கிட்டாருக்குப் புது நைலான் தந்தியைக் கச்சேரிக்கு ஐந்தாறு நாள் முன்பே மாட்டி வாசித்துவிடுங்கள். முந்தைய நாள் மாட்டினால் கச்சேரி முழுக்க இறங்கிக்கொண்டே இருக்கும்.

பேஸைத் தரையில் ஊன்றும் கீழ்க்கம்பி மரமேடையில் நேராக நின்றால் மேடையே ஒரு பெட்டியாகி அதிரும், மைக் ஸ்டாண்டு வழியாக அந்த அதிர்வு ஏறும். ரப்பர் பாய் மேல் கனமான பலகை, அதன்மேல் கீழ்க்கம்பி என்று வைத்தால் போதும்.

அறை

1962 பிப்ரவரி 13 அன்று சாக்ஸபோன் கலைஞர் ஸ்டான் கெட்ஸும் கிட்டார் கலைஞர் சார்லி பேர்டும் சம்பாவையும் ஜாஸையும் சேர்த்து வாசித்த புகழ்பெற்ற பதிவு, வாஷிங்டனில் ஒரு யூனிட்டேரியன் தேவாலயத்தின் பியர்ஸ் ஹாலில் எடுக்கப்பட்டது. அங்கே டபுள் பேஸ் வாசித்தவர் கீட்டர் பெட்ஸ். ஸ்டுடியோ அல்லாத நல்ல கூடம் இந்த இசைக்கு எவ்வளவு ஒத்துப்போகும் என்பதற்கு அது சாட்சி.

கூடத்தின் அளவை டேப் வைத்து அளந்துகொள்ளுங்கள். 343ஐ அகலத்தின் இரு மடங்கால் வகுத்தால் அந்த அகலத்துக்குரிய முதல் அதிர்வெண் கிடைக்கும். 4 மீட்டர் அகலம் என்றால் 43 ஹெர்ட்ஸ், அதாவது பேஸின் கீழ் 'எஃப்'. அப்படிப்பட்ட அறையில் 'எஃப்' மட்டும் பூதம் போல் எழும், அதன் இரு மடங்கான 86 ஹெர்ட்ஸிலும் அதே தொல்லை. பேஸ்காரரை ஒவ்வொரு அரைச்சுரமாகக் கீழிருந்து மேலே ஒரே பலத்தில் மீட்டச் சொல்லி, எந்தச் சுரம் வீங்குகிறது, எது காணாமல் போகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அவரை அரை மீட்டர் நகர்த்தி மறுபடி மீட்டச் சொல்லுங்கள். நாலைந்து முறை நகர்த்தினால் சமமாகக் கேட்கும் இடம் ஒன்று கிடைத்துவிடும். மூலையும் அறையின் நட்டநடுவும் எப்போதும் மோசம்.

ஏசியை இரண்டு மணி நேரம் முன்பே போட்டுக் குளிரவைத்து, வாசிக்கும்போது நிறுத்துங்கள் அல்லது மிகக் குறைவில் வையுங்கள். விளக்கு டிம்மர் பாதி நிலையில் இருந்தால் பிக்கப்பில் (வாத்தியத்தின் அதிர்வை நேராக மின்சைகையாக்கும் கருவி) ரீங்காரம் ஏறும். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், பேஸின் கீழ் 'ஜி' 49. மெல்லிய மின் இரைச்சல்கூட அந்த 'ஜி'யோடு சேர்ந்து நொடிக்கு ஒருமுறை அலையடிக்கும், சுருதி பிசகியது போல் தோன்றும்.

உட்காருவதும் மைக் வைப்பதும்

இருவருக்கும் நடுவே 1.2 முதல் 1.5 மீட்டர். இருவரும் பார்வையாளரை நேராகப் பார்க்காமல் ஒருவரை நோக்கி ஒருவர் சற்றுத் திரும்பியிருக்கட்டும். கிட்டார்காரருக்குப் பேஸின் இடதுகை தெரிய வேண்டும். மானிட்டர் ஸ்பீக்கர் வைக்க வேண்டாம். அது எல்லா மைக்கிலும் கசிந்து, நீங்கள் பார்த்துப் பார்த்து வைத்த இடைவெளிகளை வீணாக்கிவிடும். இந்தத் தூரத்தில் இருவருக்கும் நேரடியாகவே கேட்கும்.

பேஸுக்கு முக்கிய மைக் பெரிய டயாஃபிரம் (ஒலியை வாங்கும் சவ்வு) கொண்ட கண்டென்சர் வகை. பிரிட்ஜ் (தந்திகளைத் தாங்கும் மரத்துண்டு) உயரத்தில், 35 முதல் 45 செ.மீ. முன்னால், பிரிட்ஜுக்கும் 'ஜி' தந்தி பக்கத்தில் 'f' வடிவில் வெட்டிய எஃப் துளைக்கும் நடுவே குறி வைக்கவும். துளையை நேராகக் குறிவைத்தால் காற்றுதான் முழங்கும், சுரம் தெரியாது. 20 செ.மீ.க்குள் போனால் கார்டியாய்டு (முன்பக்க ஒலியை அதிகம் பிடிக்கும்) மைக் கீழ்ச்சுரங்களை ஊதிப் பெருக்கும். ஒரு காதை விரலால் மூடிக்கொண்டு, மற்றொரு காதை மைக் இருக்க வேண்டிய உயரத்துக்குக் குனிந்து கொண்டுபோய், மெதுவாக இடம் வலம் நகர்த்திப் பாருங்கள். விரல் தந்தியை விடும் 'டப்' ஒலியும் அதன்பின் வரும் மரத்தின் குரலும் சேர்ந்து கேட்கும் இடம் உள்ளங்கை அளவே இருக்கும். மைக்கை அங்கே வையுங்கள்.

காப்புக்காகப் பிரிட்ஜ் பிக்கப் ஒன்று. அழுத்தத்தால் மின்சைகை தரும் பியசோ பிக்கப்பை 1 மெகாஓம் அல்லது அதற்கு மேல் உள்ளீட்டு மின்தடை உள்ள ப்ரீஆம்பில்தான் (மெல்லிய சைகையைப் பெருக்கும் கருவி) சொருக வேண்டும். மிக்ஸரின் சாதாரண லைன் உள்ளீட்டில் சொருகினால் கீழ்ச்சுரங்கள் வடிகட்டப்பட்டு, தகரம் தட்டுவது போலாகிவிடும்.

கிட்டாருக்குச் சிறிய டயாஃபிரம் கண்டென்சரை, கழுத்து உடலோடு சேரும் பன்னிரண்டாம் ஃபிரெட்டுக்கு எதிரே 25 முதல் 30 செ.மீ. தூரத்தில் வைக்கவும். ஒலித்துளைக்கு நேரே வைக்கவே கூடாது. கிளாசிக்கல் கிட்டாரின் உள்காற்று 100 ஹெர்ட்ஸை ஒட்டி அதிரும், பேஸின் வெற்று 'ஜி' 98. பேஸ் அந்தச் சுரத்தை மீட்டும்போதெல்லாம் மடியிலிருக்கும் கிட்டாரும் தானாக முனகும். மைக் துளையைப் பார்த்துக்கொண்டிருந்தால் அந்த முனகல் முழுவதும் பதிவாகும்.

எட்டு வடிவ மைக் கிடைத்தால் கிட்டாருக்கு அதுவே சிறப்பு. முன்னும் பின்னும் கேட்டாலும் பக்கவாட்டில் அதற்குக் காது கிடையாது. அந்தப் பக்கவாட்டைப் பேஸை நோக்கித் திருப்பிவிட்டால் கசிவு வெகுவாகக் குறையும். பழைய ரிப்பன் மைக்காக இருந்தால், கேபிள் வழியே மைக்குக்குப் போகும் 48 வோல்ட் மின்சாரத்தை அணைத்த பிறகே கேபிளைச் சொருகவும்.

இருவரின் நடுவிலிருந்து 1.5 முதல் 2 மீட்டர் முன்னால், 1.5 மீட்டர் உயரத்தில் ஓஆர்டிஎஃப் என்ற ஸ்டீரியோ முறையில் இரண்டு கார்டியாய்டு: 17 செ.மீ. இடைவெளி, 110 டிகிரி விரிவு. பதிவின் முதுகெலும்பு இந்த ஜோடிதான். மேடை விளிம்பிலிருந்து கூட்டத்தை நோக்கி இன்னும் இரண்டு, கைதட்டலுக்கு. ஆக ஏழு டிராக்.

பதிவுக் கருவி, ஒலிச் சோதனை

24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் போதும். ஒரு டிராக் நிமிடத்துக்கு 8.64 எம்பி, ஏழு டிராக் 90 நிமிடத்துக்கு ஏறத்தாழ 5.4 ஜிபி. இரண்டு இடங்களில் ஒரே நேரத்தில் பதிவாகட்டும், கருவி யுபிஎஸ்ஸில் இருக்கட்டும். 32 பிட் ஃப்ளோட் (மிக உரத்த ஒலியையும் கருவி சிதைக்காமல் பதியும் முறை) கருவி வைத்திருப்பவர்கள் அளவைப் பற்றிக் கவலைப்படாமல் இருந்துவிடுவதுண்டு. மைக்கே திணறினால் அந்தச் சிதைவை எந்தப் பிட்டும் நீக்காது.

சோதனையில் பாட்டு முழுவதையும் வாசிக்கச் சொல்லாதீர்கள். இருக்கும் பாட்டுகளில் மிக உரத்த எட்டு பார், மிக மெல்லிய எட்டு பார், இரண்டையும் மும்முறை. உச்சம் மைனஸ் 12 டெசிபலில் நிற்க வேண்டும். கூட்டம் வந்தபின் கை தானாகப் பலமாகும், அதற்குத்தான் மேலே அந்த இடைவெளி. பிறகு எல்லா டிராக்கையும் மோனோவாக்கி, பேஸ் மைக்கின் போலாரிட்டி (ஒலியலையைத் தலைகீழாக்கும்) பொத்தானை மாற்றிப் பாருங்கள். எந்த நிலையில் கீழ்ச்சுரம் நிறைவாக இருக்கிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள். பிக்கப்புக்கும் அப்படியே. நாற்காலியின் கிரீச்சு, தாள் புரட்டும் ஒலி, சட்டைப் பொத்தான் கிட்டாரில் உரசுவது ஆகியவற்றை இப்போதே பிடித்துவிடலாம்.

கச்சேரியின்போது கூட்டத்திடம் ஒரே ஒரு வேண்டுகோள்: கடைசிச் சுரம் அடங்கியபின் கைதட்டுங்கள். பேஸின் கீழ்ச்சுரம் அடங்கச் சில நொடி ஆகும், அந்த அடக்கம் பதிவில் இருக்க வேண்டும்.

மிக்ஸிங்

ஓஆர்டிஎஃப் ஜோடியை முதலில் ஏற்றி, அதை மட்டும் ஒரு பாட்டு முழுக்கக் கேளுங்கள். பிறகு பக்கத்து மைக்குகளை அதைவிட 6 முதல் 10 டெசிபல் குறைவாகச் சேருங்கள். ஜோடி 1.8 மீட்டரிலும் பேஸ் மைக் 0.4 மீட்டரிலும் இருந்தால் வித்தியாசம் 1.4 மீட்டர், அதாவது சுமார் 4.1 மில்லி நொடி. பேஸ் மைக்கை அந்த அளவு, 48 கிலோஹெர்ட்ஸில் 196 சாம்பிள், தாமதப்படுத்தினால் இரண்டாம் அடி ஒரே அடியாகக் கூர்மையாகும். பிக்கப்பில் ஒலி மைக்கைவிடவும் முந்தி வரும், அதனால் அதை இன்னும் சற்றுக் கூடுதலாகத் தாமதப்படுத்தி, மிகக் குறைவாகச் சேருங்கள். பிக்கப் மேலோங்கினால் மரம் மறைந்து ரப்பர் கேட்கும்.

கிட்டார் மைக்கில் 75 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டலாம். ஆறாம் தந்தியை 'டி'க்கு இறக்கிய பாட்டிலும் ஏழு தந்தியிலும் 60க்குக் கீழேதான் வெட்ட வேண்டும். பேஸில் 200 முதல் 300 வரை 2 டெசிபல் குறைத்தால் பெரும்பாலும் தெளியும். கம்ப்ரஸர் (உரத்த ஒலியைத் தணிக்கும் கருவி) தேவைப்பட்டால் 2:1, தாக்கு நேரம் (அது தணிக்க எடுக்கும் நேரம்) 30 மில்லி நொடி, குறைப்பு 2 டெசிபலுக்குள். வேகமான தாக்கு, முதலடிக்கும் இரண்டாம் அடிக்கும் உள்ள பள்ளத்தைச் சமன் செய்துவிடும். கஷ்டப்பட்டு விரலால் உண்டாக்கிய வித்தியாசம் அங்கே அழியும்.

இரண்டு பகுதிப் பதிவுகளையும் ஒட்ட நினைத்தால் மெட்டு தொடங்கும் இடத்திலோ முழு அமைதியிலோ மட்டும் ஒட்டுங்கள். சோலோவின் நடுவில் வேகம் எப்போதும் சற்று வேறாக இருக்கும், காது கண்டுபிடித்துவிடும்.

இறுதி அளவு மைனஸ் 16 எல்யுஎஃப்எஸ் (காது உணரும் ஒலியுரப்பின் அளவு), உச்சம் மைனஸ் 1 டெசிபல். பிறகு ஒரு சாதாரண செல்போன் ஸ்பீக்கரில் மெல்லிய ஒலியில் கேளுங்கள். அதில் 41 ஹெர்ட்ஸ் வராது, அதன் மேல்சுரங்களும் விரலின் ஒலியும்தான் வரும். அப்போதும் கால் இரண்டாம் அடியில் தட்டுகிறதா என்று பாருங்கள். தட்டவில்லை என்றால் கீழ்ச்சுரத்தை ஏற்றாமல், பேஸ் மைக்கில் 700 முதல் 900 ஹெர்ட்ஸ் வரை ஒன்றரை டெசிபல் உயர்த்தி, கிட்டார் மைக்கை ஒரு டெசிபல் இறக்கி மறுபடி கேளுங்கள்.